எப்போ கேக்குறாங்கங்கறதுதான் மேட்டர்

ஆஸ்திரேலியாவுல மரத்துல வாழுற கோலா விலங்குக்குப் பாதுகாப்பு பிளான் போடும்போது மக்கள்கிட்டயும் கருத்து கேக்கணும்னு கட்டுரைல சொல்லியிருக்கீங்க, நல்ல விஷயம்தான், ஆனா வீட்டு மனை லேஅவுட் எல்லாம் முடிவானப்புறம் மேப்பை விரிச்சு வச்சு உங்க கருத்து என்னன்னு கேட்டா என்னத்த சொல்றது? சிட்னிக்கு தென்மேற்கே கேம்ப்பெல்டவுன், ஆப்பின் பக்கம் இருக்குற கோலாங்க ரொம்ப நாளா கிளமிடியாங்கற தொற்றுநோய் அண்டாம இருந்த கூட்டம், சுத்தி வீடுங்க வந்துட்டே இருக்கு. 2020லயே நியூ சவுத் வேல்ஸ் தலைமை விஞ்ஞானி குழு அதுங்க போற வழி சராசரியா 390லேருந்து 425 மீட்டர் அகலமாச்சும் இருக்கணும்னு சொல்லிடுச்சு. ஆனா எந்த மரத்துக்கு வருது, எங்க ரோட்டைத் தாண்டுதுன்னு அங்க குடியிருக்கறவங்களுக்குத்தான் தெரியும். கிரே கம்ங்கற யூகலிப்டஸ் மரத்துப் பட்டை வழவழன்னு இருக்கும், ஏறுன நகக் கீறல் அப்படியே பளிச்சுனு தெரியும், அடியில புழுக்கை கிடக்கும் (இதுக்கு டிரோன்லாம் வேணாம் சார்). இதை முதல்லயே கேட்டு மேப்ல ஏத்துனா அதுங்க ரோட்டுக்கு அடியில போற அண்டர்பாஸை சரியான இடத்துல வைக்கலாம்ல? 2022ல கோலா அழியும் நிலைன்னு அறிவிச்சப்புறமும், கோலாவைக் கடிச்சிடாம ராத்திரி நாயை உள்ள கட்டுங்கன்னு நம்மகிட்ட மட்டும் சொன்னா எப்படி, பில்டருக்கு யாரு சொல்றது?