பாட்ட கிரயம் எழுதிக் கொடுத்துடாதீங்க தம்பிங்களா

சென்ட்ரல் சீ-ன்னு ஒரு ராப்பர், மேற்கு லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கத்துப் பையன். 2021 மார்ச்ல 'வைல்ட் வெஸ்ட்'னு முதல் மிக்ஸ்டேப் (முறையான ஆல்பம்னு சொல்லாம ராப்பருங்க விடற பாட்டுத் தொகுப்பு) விட்டப்ப அவனுக்கு 22 வயசு, அது பிரிட்டன் ஆல்பம் சார்ட்ல 2வது இடத்துக்குப் போச்சு. மறுவருஷம் '23'ன்னு இன்னொண்ணு விட்டான், அது 1வது இடம். என் தம்பி ராத்திரி பகலா இவன் பாட்டத்தான் ஓட விடுவான், அதனால இந்தக் கதையெல்லாம் எனக்கும் மனப்பாடம். பசங்க எல்லாரும் அந்த 2வது இடத்தப் பத்தியே பேசறாங்க, ஆனா எனக்குப் பெருசா படறது வேற விஷயம். கொலம்பியாங்கிற பெரிய பாட்டுக் கம்பெனியோட அவன் கையெழுத்து போட்டது 2023ல, அதாவது ரெண்டு மிக்ஸ்டேப்பும் ஜெயிச்சதுக்கு அப்புறம். முதல் ஆல்பம்னு வந்ததே 2025 ஜனவரியிலதான், அதுவும் அங்க 1வது இடம். பேரம் பேச உக்காரும்போதே அவன் யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதுதான் இங்க கவனிக்க வேண்டியது.

இத இப்ப எழுதறதுக்குக் காரணம் இருக்கு. நான் மன்னார்குடியில பத்திரம் எழுதற ஆபீஸ்ல வேலை பாக்கறேன், கிரயம், ஒத்தி, குத்தகை, பாகப்பிரிவினை, விடுதலைன்னு விடிஞ்சா பொழுது போனா இதுதான் என் வேலை. என் தம்பி டிப்ளமோ முடிச்சிட்டு ராப் பண்றான். மாடி ரூம் சுவத்துல கம்பளியும் பழைய மெத்தையும் கட்டி வச்சிருக்கான், ஒரு மைக், ஒரு லேப்டாப், அவ்ளோதான் ஸ்டூடியோ. ஏழு பாட்டு போட்டு மிக்ஸ்டேப் ரெடி பண்ணினான். கொள்முதல் நிலைய வாசல்ல மழையில நனையற நெல்லப் பத்தி ஒண்ணு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு மூட்டைய எடுக்க மாட்டேங்கும்போது எங்கப்பா பேசற பேச்சு அப்படியே வரியா வந்து விழுந்துருக்கு அதுல. சிங்கப்பூர் போன சித்தப்பா பசங்களப் பத்தி ஒண்ணு. கஜா புயலுக்கு மறுநாள் காலையில எங்க கொல்லையில விழுந்து கிடந்த தென்னைங்களப் பத்தி ஒண்ணு, 2018ல அவன் ஸ்கூல் படிச்சிட்டிருந்தான், அந்தக் காலையில பாத்தது ஒண்ணு விடாம வச்சிருக்கான் பாட்டுல, எங்கம்மா பாதி கேட்டுட்டு எழுந்து கொல்லப்பக்கம் போயிட்டாங்க. தம்பிங்கிறதுக்காகச் சொல்லல, நெஜமா நல்லாருக்கு.

ரீல்ஸ்ல ரெண்டு பாட்டு ஓட ஆரம்பிச்சதும் ஒரு கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டாங்க, பேரு வேண்டாம். ஏழு பாட்டுக்கும் சேத்து நாப்பதாயிரம் தர்றோம், அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கோம், சீக்கிரம் கையெழுத்து போட்டு அனுப்புங்கன்னாங்க. வீடே சந்தோஷப்பட்டுச்சு, ஏன்னா ஒரு போகத்துல செலவெல்லாம் போக எங்கப்பா கையில நிக்கற காசுக்கு அது ஒண்ணும் குறைச்சல் இல்ல.

நான் உக்காந்து அந்த அக்ரிமெண்ட்ட வரிவரியா படிச்சேன். இங்கிலீஷ்தான், ஆனா பத்திரம் பத்திரம்தானே, எது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். நிரந்தரமா, பிரபஞ்சம் முழுக்க, இப்ப இருக்கற வடிவத்துலயும் இனிமே கண்டுபிடிக்கப் போற வடிவத்துலயும், வரி, மெட்டு, ஒலிப்பதிவு எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு போட்டிருந்தாங்க. ஒரு மா நிலத்துக்குக் கிரயம் எழுதினாக்கூட சர்வே நம்பர் போடறோம், விஸ்தீரணம் போடறோம், கிழக்கே யாரு மேற்கே வாய்க்கால்னு நாலு எல்லையும் போடறோம், இதுல எல்லையும் இல்ல காலமும் இல்ல. அதோட இனிமே அவன் போடப்போற பாட்டையும் முதல்ல இவங்ககிட்டதான் காட்டணுமாம், அவன் தனக்கு வச்சுக்கிட்ட ராப் பேரும் இவங்க அனுமதி இல்லாம வேற எங்கயும் வரக்கூடாதாம். மேல தலைப்புல ஒப்பந்தம்னு அழகா இருக்கு, உள்ள இருக்கறது சுத்தக் கிரயம்.

டெல்டாவுல இருக்கறவங்களுக்கு இந்த வித்தியாசத்த நான் விளக்கவே வேணாம். எங்கப்பா பயிர் வைக்கறது கோயில் நிலம், குத்தகை. காலம் பூரா உழைச்சாலும் அது கோயிலோட சொத்துதான்னு சின்ன வயசுலேர்ந்து பாத்து வளந்த வீடு இது. கிரயம் கொடுத்தா போனது போனதுதான், குத்தகைக்கு விட்டா கெடு முடிஞ்சதும் திரும்பி வரணும். பாட்டுலயும் இந்த ரெண்டும் உண்டு. உரிமைய முழுசா எழுதிக் கொடுக்கறது ஒண்ணு, இத்தனை வருஷத்துக்கு இன்ன இன்ன இடத்துல மட்டும் ஓட்டிக்கோன்னு லைசன்ஸ் கொடுக்கறது இன்னொண்ணு. வரப்புல ஒரு சாண் தள்ளி வெட்டினதுக்குப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையற ஊர்ல, ஆயுசுக்கும் சொந்தமான பாட்ட படிச்சுக்கூடப் பாக்காம எழுதிக் கொடுக்கறாங்களேன்னு எனக்கு வயிறு எரியுது. எழுதினவன் ஆயுசு, அதுக்கு மேல 60 வருஷம், அவ்ளோ காலம் ஓடற உரிமைங்க அது.

நம்ம நாட்டுச் சட்டத்துல பாதுகாப்பே இல்லன்னு நினைக்காதீங்க. பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாம எழுதிக் கொடுத்தா அது அஞ்சு வருஷம்தான் செல்லும், எந்த எடம்னு குறிப்பிடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனாலதான் அவங்க 'நிரந்தரமா, பிரபஞ்சம் முழுக்க'ன்னு கவனமா போடறாங்க. 2012ல வந்த திருத்தம் இன்னும் முக்கியம், வரி எழுதினவனுக்கும் மெட்டு போட்டவனுக்கும் ராயல்டியில சரிசமப் பங்கு உண்டு, அத கம்பெனிக்கு விட்டுக் கொடுத்துட்டேன்னு எழுதி வாங்கினாலும் செல்லாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாத்தித் தர முடியும். இதுல எத்தனை பசங்களுக்கு இது தெரியும்னு நினைக்கறீங்க?

சரி, யாரும் கேக்காத ஊர்ப் பையன், கம்பெனி இல்லாம எப்படி வெளிய தெரிவான்னு கேப்பீங்க, எங்கப்பாவும் அதத்தான் கேட்டாரு. நியாயமான கேள்விதான், கம்பெனிக்காரன்கிட்ட காசு இருக்கு, ஆளு இருக்கு, பிளேலிஸ்ட்ல ஏத்தி விட வழி தெரியும். நான் கம்பெனியே வேணாம்னு சொல்லல. சிகாகோவுல சான்ஸ் தி ராப்பர்னு ஒருத்தன், ஸ்கூல்ல பத்து நாள் சஸ்பெண்ட் பண்ணினாங்க, அந்த நாள்ல ஆரம்பிச்ச மிக்ஸ்டேப்ப '10 டே'ன்னே பேரு வச்சு 2012ல இலவசமா விட்டான். அடுத்ததும் இலவசம். 2016ல 'கலரிங் புக்'ன்னு மூணாவது, அதுக்கு ஆப்பிள் கம்பெனி அவனுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துச்சு. எதுக்குன்னு பாருங்க, ரெண்டு வாரம் எங்க ஆப்ல மட்டும் ஓடட்டும்னு, அவ்ளோதான். ரெண்டு வாரக் குத்தகை! பாட்டு அவன்கிட்டயே இருந்துச்சு. கடையில விக்காம ஸ்ட்ரீமிங்ல மட்டும் வர்ற ஆல்பத்தையும் சேத்துக்கலாம்னு அந்த வருஷம்தான் கிராமி விருது விதிய மாத்தினாங்க, 2017 பிப்ரவரியில சிறந்த ராப் ஆல்பம் உட்பட மூணு கிராமி வாங்கினான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ராப்பர் நிப்ஸி ஹஸ்ஸில் பண்ணினது எனக்கு இன்னும் பிடிக்கும். 2013ல 'கிரென்ஷா'ங்கிற மிக்ஸ்டேப்ப நெட்ல யாரு வேணா இலவசமா எடுத்துக்கலாம்னு விட்டுட்டு, அதே பாட்ட சிடியில ஆயிரம் காப்பி மட்டும் போட்டு ஒண்ணு 100 டாலர்னு வித்தான். பெரிய ராப்பர் ஜே-இசட் மட்டும் 100 காப்பி வாங்கினாரு. இலவசமா கிடைக்கறதுக்கு எவன் நூறு டாலர் கொடுப்பான்னு தோணும், ஆனா அவன் வளந்த தெருவுக்காகக் கொடுக்க ஆளு இருந்துச்சு. இலவசமா கொடுக்கறதும் எழுதிக் கொடுக்கறதும் ஒண்ணு இல்ல. இலவசமா கொடுத்தாலும் சொத்து உன் பேருல இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். 'எஞ்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்ல வந்துச்சு, யூடியூப்ல 40 கோடி வ்யூஸ தாண்டிருச்சு, கல்யாண வீடு, கோயில் திருவிழா, காலேஜ் ஃபங்ஷன்னு அது ஒலிக்காத எடம் இல்ல. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் வீடியோவுல வந்து, இந்தப் பாட்டுல தனக்கும் பாடின தீக்கும் அறிவுக்கும் இன்னைக்கு வரைக்கும் ஒரு காசு வரலன்னு சொன்னாரு. அவங்க அளவுக்குப் பேரு இருக்கறவங்களுக்கே இதுதான் நிலமைன்னா, மன்னார்குடிப் பையன் பக்கம் யாரு நிப்பா? நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடின எங்க ஊர் அப்பாயிங்க யாருக்கும் பேரும் கிடைக்கல காசும் கிடைக்கல. பேரன் பேத்தி காலத்துலயாவது அது மாறணும்ங்க.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும், வில்லங்கம். நெலம் வாங்கறப்ப தாய்ப்பத்திரம் எங்க, வில்லங்கச் சான்று எங்கன்னு கேக்கறோம்ல, பாட்டுக்கும் அத பாக்கணும். என் தம்பி ஏழு பாட்டுல நாலுக்கு யூடியூப்லேர்ந்து ஃப்ரீ பீட் (ராப்புக்குப் பின்னாடி ஓடற இசை) எடுத்திருந்தான். கீழ டிஸ்கிரிப்ஷன்ல காசு பண்ணாத வரைக்கும்தான் ஃப்ரீன்னு தெளிவா போட்டிருக்கு, இவன் கவனிக்கல. அப்படியே வித்திருந்தா நாளைக்கு பீட் போட்டவன் வந்து நிப்பான், அக்ரிமெண்ட்லயோ எல்லாம் சுத்தமான உரிமை, வழக்கு வந்தா செலவு என்னுதுன்னு இவன்கிட்ட எழுதி வாங்குறாங்க. முன்ன சொன்ன சான்ஸ் தி ராப்பருக்கே இப்படி ஆச்சு, 2013ல இலவசமா விட்ட 'ஆசிட் ராப்'ப 2019ல ஸ்ட்ரீமிங்ல போட்டப்ப 'ஜூஸ்'ங்கிற பாட்டுக்கு சாம்பிள் உரிமை (அடுத்தவங்க பாட்டுலேர்ந்து எடுத்த துண்டுக்கான அனுமதி) கிடைக்காம, அந்த இடத்துல அரை நிமிஷம் அவன் பேசி விளக்கம் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. தம்பி அந்த நாலு பீட்டுல ரெண்டுக்குக் காசு கட்டி லைசன்ஸ் வாங்கினான், மீதி ரெண்ட நீடாமங்கலத்துல தவில் கத்துக்கற அவன் ஃப்ரெண்ட வச்சு புதுசா போட்டான். தவில் சொல்லு மேல ராப் உக்காந்தப்பதான் அந்தப் பாட்டுக்கே உயிர் வந்துச்சு, முன்ன இருந்ததவிட பல மடங்கு நல்லாருக்கு.

கம்பெனிக்கு நாங்க திருப்பி எழுதினோம். மூணு வருஷ லைசன்ஸ், ஆறு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு காட்டணும், சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்கறதா இருந்தா எங்கள கேக்கணும், கெடு முடிஞ்சா பாட்டு எங்களுக்குத் திரும்பணும். அவங்க ஒத்துக்கல. தம்பி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசாம இருந்தான், வயசு அப்படி, வந்த வாய்ப்பு போச்சுங்கிற ஆத்திரம், அத நான் தப்பு சொல்ல மாட்டேன். அப்புறம் அவனே வருஷக் கட்டணம் கட்டி டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்ட ஆப்ல ஏத்திக் கொடுக்கற கம்பெனி, மூலமா எல்லா ஆப்லயும் ஏத்தினான். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடினாத்தான் காசு, இப்போதைக்கு மூணு பாட்டு அத தாண்டியிருக்கு, வந்தது சின்ன தொகைதான். ஆனா எங்க பக்கம் அறுப்பு மிஷின் ஓட்டற அண்ணனுங்களும் மினி பஸ் டிரைவருங்களும் இன்னும் பென்டிரைவ்லதான் பாட்டு கேக்கறாங்க, அத பாத்துட்டு ஏழு பாட்டையும் பென்டிரைவ்ல ஏத்தி அவனே கைப்பட வித்துக்கிட்டிருக்கான். வடுவூர் பக்கம் போற ஒரு பஸ்ல கஜா பாட்டு தினம் ஓடுது. பேட்டை மாமா ஒருத்தர் ரெண்டு வாங்கினாரு, ஒண்ணு துபாய்ல இருக்கற மகனுக்காம்.

திருவாரூர், தஞ்சாவூர், நாகை, மயிலாடுதுறை, எந்த ஊரா இருந்தாலும் சரி, ராப்போ கானாவோ கிராமியப் பாட்டோ, உங்க கையில அக்ரிமெண்ட்னு ஏதாவது வந்திருந்தா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா எது கிரயம் எது குத்தகைன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியும், வக்கீல்கிட்ட போக வேண்டிய கேஸா இருந்தா அதையும் சொல்லிடுவேன். காசு வேண்டாம். ஞாயித்துக்கிழமையில உக்காந்து படிப்பேன், இன்னைக்கே கையெழுத்து வேணும்னு அவங்க அவசரப்படுத்தினா மட்டும் ஃபோன் நம்பரோட அனுப்புங்க, அன்னிக்கே கூப்பிடறேன்.