மூணு நாள்ல முடிச்சிருவீங்க, சரி. நாலாவது நாள்?

அடுத்த நாட்டுக்குள்ள படையோட புகுந்து ஆட்சியை மாத்தணும்னு டிவி விவாதத்துல ஒருத்தர் பேசின அந்த கிளிப்பை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பார்த்துட்டேன். கிளிப் மட்டும் இல்ல, முழு விவாதத்தையும் யூடியூப்ல தேடிப்போய் பார்த்துட்டேன், அதனால "முன்னாடி பின்னாடி கட் பண்ணிட்டாங்க மேடம்"னு யாரும் வர வேண்டாம். அவர் சொன்னது அதேதான். "மூணு நாள் போதும், உள்ள போய் ஆட்சியை மாத்திட்டு வந்துடலாம், அமெரிக்கா ஈராக்கை மூணே வாரத்துல முடிக்கலையா?" நெறியாளர் சிரிச்சுட்டு விளம்பர இடைவேளைக்குப் போயிட்டார். அவர் பேசினது கூட பரவாயில்ல, எதிர்ல உட்கார்ந்திருந்தவங்கள்ல ஒருத்தர் கூட "சரிங்க, நாலாவது நாள் என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்கலையே, அதுதான் எனக்குத் தாங்கல.

அவரே ஈராக்னு உதாரணம் கொடுத்துட்டார்ல, அதையே பேசுவோம்.

மூணு வாரம்ங்கிறது உண்மை. 2003 மார்ச் 20-ல படை உள்ள போச்சு, ஏப்ரல் 9-ல பாக்தாத் விழுந்துச்சு. ஃபிர்தோஸ் சதுக்கத்துல சதாம் சிலையை இழுத்துத் தள்ளினதை உலகமே லைவா பார்த்துச்சு. மே 1-ந்தேதி புஷ் விமானந்தாங்கிக் கப்பல்ல இறங்கி, பின்னாடி "பணி முடிந்தது"ன்னு பேனர் தொங்க, பெரிய சண்டை எல்லாம் முடிஞ்சுதுன்னு பேசினார். அந்த டிவி மனுஷருக்குத் தெரிஞ்ச ஈராக் அதோட முடிஞ்சு போச்சு. ஈராக்ல இருந்தவங்களுக்கு அன்னைக்குத்தான் ஆரம்பம்.

இவங்க மாதிரியே அன்னைக்கும் பேசினாங்க. ராணுவ அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், ஆறு நாள் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம், ஆறு மாசம் ஆகும்னு நினைக்கலைன்னார். துணை ஜனாதிபதி டிக் செய்னி, எங்களை விடுதலை கொடுக்க வந்தவங்களா வரவேற்பாங்கன்னு சொன்னார். ரம்ஸ்ஃபெல்டுக்குத் துணையா இருந்த வோல்ஃபோவிட்ஸ், ஈராக்கோட எண்ணெய் காசுலயே அந்த நாட்டைக் கட்டிடலாம்னார். ஒரே ஒரு ஆளு, ராணுவத் தளபதி ஜெனரல் ஷின்செகி, அங்க ஒழுங்கை நிலைநாட்டணும்னா பல லட்சம் வீரர்கள் தேவைப்படும்னு செனட் கமிட்டில நேராவே சொன்னார். நாலாவது நாளைப் பத்தி யோசிச்ச மனுஷன். அவர் சொன்னது சுத்தமா தப்புக் கணக்குன்னு ரெண்டு நாள்ல வோல்ஃபோவிட்ஸ் மறுத்துட்டார். எவ்வளவு படிச்சவங்க, எவ்வளவு சாட்டிலைட், எவ்வளவு உளவுத்துறை, அத்தனையும் வச்சுக்கிட்டே இப்படி.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. பாக்தாத் விழுந்த அடுத்த நாள்லயே தேசிய மியூசியத்துல கொள்ளை. சுமார் 15,000 பொருள் போச்சு, அதுல அஞ்சாயிரம் வருஷப் பழசு எல்லாம் உண்டு. தேசிய நூலகம் எரிஞ்சுது. ஆஸ்பத்திரிகள்ல கூட கட்டில் வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்க டாங்க் காவல் நின்னுச்சு. ஏன் இப்படி ஆச்சுன்னா, போலீஸ் இல்ல. போலீஸ் ஏன் இல்லன்னா, அரசாங்கத்தைக் கலைச்சாச்சு. ஒரு நாட்டுக்குள்ள புகுந்து அரசாங்கத்தை எடுத்துட்டா, அன்னைக்குச் சாயங்காலமே அந்த ஊர் கரண்ட் யார் பொறுப்பு? தண்ணி? ஆசிரியர் சம்பளம்? ஜெயில் சாவி? ஈராக்லயும் ரேஷன் இருந்துச்சுங்க, பொருளாதாரத் தடை வந்ததுல இருந்து மக்கள்ல பாதிக்கு மேல அந்த மாவையும் எண்ணெயையும் நம்பித்தான் சமைச்சாங்க. உள்ள போற படைதான் இனிமே ரேஷன் கடையும் நடத்தணும். அதுக்கு என்ன பிளான் வச்சிருக்கீங்க? மூணு நாள்னு சொன்னவர் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா?

மே மாசம் பால் பிரெமர்னு ஒருத்தரை நிர்வாகியா அனுப்பினாங்க. வந்த வேகத்துல ரெண்டு உத்தரவு. மே 16, சதாமோட பாத் கட்சியில மேல்மட்டத்துல இருந்தவங்க யாரும் அரசு வேலையில இருக்கக்கூடாது. கட்சியில சேர்ந்தாதான் பதவி உயர்வுன்னு இருந்த ஊர்ல, சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அதிகாரிகளும் வீட்டுக்குப் போயிட்டாங்க. மே 23, ராணுவமே கலைப்பு. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர், துப்பாக்கி பிடிக்கத் தெரிஞ்சவங்க, ஆயுதக் கிடங்கு எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க, ஒரே நாள்ல சம்பளமும் மரியாதையும் இல்லாம தெருவுல. ஜூன்ல சம்பளம் கேட்டு பாக்தாத்ல போராட்டம் பண்ணினாங்க, அமெரிக்க வீரர்கள் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் உதவித்தொகை தர்றோம்னு அறிவிப்பு வந்துச்சு. அந்த 4 லட்சம் குடும்பமும் அன்னைக்கு ராத்திரி என்ன பேசியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆகஸ்ட்ல ஐநா ஆபீஸையே லாரி குண்டு வச்சுத் தகர்த்தாங்க, ஐநா தூதர் செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உள்பட 22 பேர். அடுத்த வருஷம், அபு கிரைப் ஜெயில்ல அமெரிக்க வீரர்கள் கைதிகளைச் சித்திரவதை பண்ணின போட்டோக்கள். ஃபலூஜா நகரத்துல பெரிய சண்டை. 2006 பிப்ரவரில சமாரால ஷியாக்களோட அஸ்காரி மசூதியைக் குண்டு வச்சு உடைச்சதும், அதுவரைக்கும் ஒரே தெருவுல இருந்த சன்னியும் ஷியாவும் பேரைக் கேட்டு ஆளைக் கொல்ற நிலைமை. வீட்டை விட்டு ஓடினவங்க 40 லட்சத்துக்கும் மேல. செத்த பொதுமக்கள் லட்சத்துக்கும் மேல, அதுவும் ஒவ்வொரு சாவா ஆதாரம் பார்த்துக் கணக்கு வச்சவங்க சொல்றது. அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். செலவு பல லட்சம் கோடி டாலர். எதுக்காகப் போனாங்களோ அந்தப் பேரழிவு ஆயுதம், தேடித் தேடி ஒண்ணும் கிடைக்கல, அவங்களே அமைச்ச குழுதான் 2004-ல அறிக்கை கொடுத்துச்சு. 2011 டிசம்பர்ல கிளம்பினாங்க. 2014 ஜூன்ல மொசூல் நகரம் ஐஎஸ் பயங்கரவாதிங்க கையில. அந்த ஐஎஸ் தளபதிங்கள்ல பலபேர் யாருன்னு பார்த்தா, கலைச்சுவிட்ட அதே ராணுவத்தோட பழைய அதிகாரிங்க.

மூணு வாரம்னாரே, இதோ பதினோரு வருஷம் ஆச்சு, அப்பவும் முடியல.

"நமக்கென்ன, அது அமெரிக்கா பிரச்சனை"ன்னு கமெண்ட் போட்ட தம்பிக்கு. மொசூல்ல கட்டட வேலைக்குப் போயிருந்த நம்ம நாட்டுத் தொழிலாளிங்க 39 பேரை 2014-ல ஐஎஸ் ஆளுங்க கடத்தினாங்க, பெரும்பாலும் பஞ்சாப் கிராமத்துப் பசங்க. உயிரோட இருக்காங்க, இருக்காங்கன்னு வீட்ல நாலு வருஷம் காத்திருந்தாங்க. 2018 மார்ச்ல அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் ராஜ்யசபால எழுந்து எல்லாரும் கொல்லப்பட்டாங்கன்னு சொன்னாங்க. பதூஷ்ங்கிற இடத்துல ஒரே குழியில இருந்து எடுத்து டிஎன்ஏ பார்த்து அனுப்பினாங்க. அந்தத் தாய்மாருக்கும் 2003-க்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்ல. படையெடுப்புன்னா அதுதான் தம்பி, முடிவு எடுத்தவன் ஒருத்தன், விலை கொடுக்கிறவன் இன்னொருத்தன்.

இப்ப என் கதைக்கு வர்றேன். வர வேண்டாம்னுதான் நினைச்சேன், ஆனா நேத்து ஒருத்தர் கீழ எழுதிட்டுப் போனதைப் பார்த்தீங்கல்ல, "குவைத்ல இருந்து பயந்து ஓடி வந்தவர் பொண்ணுக்கு வீரம்னா என்ன தெரியும்"னு. அதுக்கு 60 சிரிப்பு எமோஜி. அதுல ரெண்டு பேர் எங்க ஊர்க்காரங்க, எங்க வீட்ல சாப்பிட்டவங்க.

ஆமா, எங்க அப்பா குவைத்ல ஷுவைக் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்ல மெக்கானிக். 1990 ஆகஸ்ட் 2-ந்தேதி காலையில எழுந்தப்ப ரோட்ல ஈராக் டாங்க். சதாமும் அப்படித்தான் நினைச்சார், ரெண்டு நாள்ல முடிஞ்சுது, எங்க நாட்டோட 19-வது மாகாணம்னு அறிவிச்சார். உள்ள போறது அவருக்கும் சுலபமாத்தான் இருந்துச்சு. நாலே நாள் கழிச்சு, ஆகஸ்ட் 6, ஐநா பொருளாதாரத் தடை போட்டுச்சு. அது 13 வருஷம் அந்த நாட்டோட கழுத்தை நெரிச்சுது.

வீட்டுக்கு லெட்டர் இல்ல, போன் இல்ல. அம்மா ராத்திரி பிபிசி தமிழோசை கேட்டுட்டே உட்கார்ந்திருப்பாங்க, பக்கத்து வீட்டு மைதீன் அண்ணன் மனைவியும் எங்க வீட்லயே தான் இருப்பாங்க, அவரும் அங்கதான். அப்பாவும் கூட இருந்தவங்களும் பஸ் பிடிச்சு பஸ்ரா, பாக்தாத் வழியா ஜோர்டான் எல்லைக்கு வந்து, பாலைவனத்துல கூடாரத்துல கிடந்து, அம்மான்ல இருந்து ஏர் இந்தியால பம்பாய் வந்தாங்க. அன்னைக்குக் குவைத்ல நம்ம ஆளுங்க ஒண்ணே முக்கால் லட்சம் பேர் இருந்தாங்க, 488 விமானம் விட்டு லட்சத்துக்கும் மேல கூட்டிட்டு வந்தது இந்த நாடு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் பெருமைதான், எனக்கு நாட்டுப்பற்று இல்லன்னு சொல்றவங்க இதையும் படிங்க. அப்பா கையில கொண்டு வந்த குவைத் தினாருக்கு மதிப்பே இல்லாம போயிருந்துச்சு. அக்கா கல்யாணம் தள்ளிப் போச்சு. அவர் ஓடல, அவருக்கு அங்க சண்டையே கிடையாது. உழைக்கப் போன மனுஷன்.

வர்ற வழியில பாக்தாத் பக்கம் பஸ் நின்னப்போ ஒரு ஈராக்கியக் குடும்பம் குபூஸ் ரொட்டியும் தண்ணியும் கொடுத்தாங்களாம். இதை அப்பா சொல்லாத வருஷம் இல்ல. பல வருஷம் கழிச்சு ஐநா மூலமா நஷ்டஈடு வந்துச்சு. அது ஈராக் எண்ணெய் வித்த காசுல இருந்து பிடிச்சுக் கொடுத்ததுன்னு தெரிஞ்சதும் அப்பா அம்மாகிட்ட சொன்னது, "எனக்குத் தண்ணி கொடுத்தவன்கிட்டயிருந்து வாங்கின மாதிரி இருக்கு". சதாமோட அந்த ரெண்டு நாள் வெற்றிக்கு ஈராக் கட்டின நஷ்டஈடு மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை எப்ப கட்டினாங்க தெரியுமா? 2022 ஜனவரி. சதாமைத் தூக்குல போட்டு பதினஞ்சு வருஷம் கழிச்சு. 1990-ல பொறக்காத பிள்ளைங்க கட்டி முடிச்சாங்க.

அந்தப் படையெடுப்புல எண்ணெய் விலை கிடுகிடுன்னு ஏறி, வளைகுடால இருந்து வர்ற பணமும் குறைஞ்சு, ஏற்கனவே தள்ளாடிட்டு இருந்த நம்ம நாடு 1991-ல 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடமானம் வச்சது. வேற காரணமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா யாரோ எங்கயோ யார் நாட்டுக்குள்ளயோ புகுந்ததுக்கு நம்ம கஜானா காலியாச்சு.

"அப்ப சதாம் நல்லவனா"ன்னு கேப்பீங்க. இல்ல. ஹலப்ஜால 1988-ல சொந்த நாட்டு குர்து மக்கள் மேல விஷவாயு போட்டு ஆயிரக்கணக்குல கொன்னவன். எங்க வீட்டையும் நடுத்தெருவுல நிறுத்தினவன். அவனுக்காக நான் ஏன் அழணும்? கெட்டவன் ஒருத்தன் ஆள்றான்ங்கிறதால அடுத்தவன் உள்ள புகுந்தா நல்லாயிடும்னு ஆகாது, அவ்வளவுதான் நான் சொல்றது.

"அடிச்சா வாங்கிட்டு இருக்கணுமா?" வேண்டாம். எல்லையில அடிச்சா திருப்பி அடிக்கிறது வேற, அடுத்தவன் தலைநகருக்குள்ள போய் உட்கார்றது வேற. இது புரியலன்னா மேல பேச ஒண்ணும் இல்ல.

"1971 ஞாபகம் இல்லையா?" வங்கதேசப் போர்தானே, நல்லா ஞாபகம் இருக்கு. 13 நாள்ல முடிஞ்சுது. ஆனா அங்க நாலாவது நாளுக்குப் பதில் இருந்துச்சுங்க! தேர்தல்ல ஜெயிச்ச கட்சி இருந்துச்சு, அவங்களோட முஜிப்நகர் தற்காலிக அரசாங்கம் ஏப்ரல்ல இருந்தே தயாரா இருந்துச்சு, அந்த ஊர் மக்களே முக்தி பாஹினிங்கிற விடுதலைப் படையா சண்டை போட்டாங்க, ஒரு கோடி அகதிங்க இங்க வந்திருந்தாங்க, பாகிஸ்தான்தான் முதல்ல நம்ம விமானத்தளத்துல குண்டு போட்டுச்சு. 1972 மார்ச்ல நம்ம படை திரும்பி வந்துருச்சு. திரும்பி வர்றது எப்படின்னு தெரிஞ்சு போனாங்க. அதையும் இவர் சொல்றதையும் ஒண்ணா வைக்காதீங்க. அப்படியே 1987-ஐயும் நினைச்சுப் பாருங்க. அது படையெடுப்பு கூட இல்ல, ஒப்பந்தம் போட்டு இலங்கைக்கு அமைதிப்படைன்னு போனது. சில மாசத்துல சண்டையா மாறி, இங்கயிருந்து போன சுமார் 1,200 வீரர்கள் திரும்பல, அங்க செத்த தமிழ் ஜனங்க கணக்கைப் பேசினா இந்தப் பதிவு போதாது.

2003-ல ஈராக்குக்கு நம்ம படையையும் அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டுச்சு. வாஜ்பாய் அரசாங்கம் யோசிச்சு, ஜூலையில முடியாதுன்னு சொல்லிடுச்சு. அன்னைக்கு அனுப்பியிருந்தா எத்தனை ஊர்ல பெட்டி வந்திருக்கும்? அன்னைக்கு வாஜ்பாயை பயந்தாங்கொள்ளின்னு சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க. எங்க அப்பாவைச் சொல்வீங்க, ஏன்னா அவர் மெக்கானிக், அவருக்கு ஃபேஸ்புக் இல்ல.

உக்ரைனுக்குள்ள 2022 பிப்ரவரில ரஷ்யா போனப்பவும் கீவ் சில நாள்ல விழுந்துரும்னுதான் உலகமே பேசுச்சு. விழுந்துச்சா? ஆப்கானிஸ்தான்ல சோவியத் ஒன்பது வருஷம், அமெரிக்கா இருபது வருஷம், கடைசில யார் காபூல்ல உட்கார்ந்திருக்காங்க? இத்தனை பேர் செஞ்சு பார்த்தும் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து மூணு நாள்ங்கிறார், நாமளும் கை தட்டுறோம்.

அந்த மனுஷர் அடுத்த வாரமும் டிவிக்கு வருவார். அந்த சேனல்ல வேலை பார்க்கிற நண்பர்கள் என் லிஸ்ட்ல மூணு பேர் இருக்கீங்க, பேர் சொல்லல. தயவுசெஞ்சு நெறியாளர் கையில இந்த ஒரு கேள்வியைக் கொடுங்க: நாலாவது நாள் காலையில அந்த ஊர் தண்ணி மோட்டாரை யார் போடுவா, அவங்க ராணுவத்தை என்ன பண்ணுவீங்க, நம்ம பசங்க எந்தத் தேதில திரும்புவாங்க. பதில் சொன்னார்னா நானே ஷேர் பண்றேன்.

கமெண்ட் திறந்தேதான் இருக்கு. பிரெமர் ராணுவத்தைக் கலைச்சது சரின்னு வாதாடணுமா, வாங்க, ராத்திரி முழுக்க பேசலாம். அப்பாவைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் பிளாக், அது சொந்தக்காரங்களா இருந்தாலும்.