ஹார்வர்டின் பட்டமளிப்புத் தாளில் யார் பெயர் இருந்தது?

அமெரிக்க விடுதலையின் விதை ஹார்வர்டில்தான் விழுந்தது என்று பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்து நீட்டுவது 1743ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவை. முதுகலைப் பட்டம் வாங்க வந்த சாமுவேல் ஆடம்ஸ் அன்று எடுத்துக்கொண்ட கேள்வி: நாட்டைக் காக்க வேறு வழியே இல்லையென்றால் ஆள்பவரை எதிர்ப்பது முறையா? முறைதான் என்பது அவர் கட்சி. பின்னாளில் பாஸ்டன் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர் ஆயிற்றே, அதனால் அந்த ஒரு வரிக்கு இத்தனை மவுசு.

எனக்கென்னவோ இந்த விழாக்களுக்காக அச்சான தாள்களில் மற்ற வரிகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1642இல் நடந்த முதல் விழாவில் பட்டம் வாங்கியவர்கள் வெறும் 9 பேர். கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜ் ஊரிலேயே அதற்குள் அச்சகமும் வந்துவிட்டது. விழாத் தாள் என்பது ஒரே பெரிய காகிதம், முழுக்க லத்தீன். ஆளுநருக்கும் பெரிய மனிதர்களுக்கும் சமர்ப்பணம், பட்டதாரிகளின் பெயர்கள், தர்க்கம், இலக்கணம், இயற்பியல் என்று பிரித்து அவர்கள் வாதாடத் தயாராக இருக்கும் கூற்றுகள். உள்ளே இவ்வளவு கனமென்றால் வெளியே திருவிழாக் கூட்டம். குடியும் கூத்தும் எல்லை மீறிப்போய், 1693இல் மாணவர்கள் பிளம் கேக் வைத்து விருந்து போடுவதற்கே நிர்வாகம் தடை போட்டது. கேக் என்ன பாவம் செய்ததோ!

அந்தப் பெயர் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது அகர வரிசையும் இல்லை, மதிப்பெண் வரிசையும் இல்லை. குடும்பத்துக்கு ஊரில் என்ன அந்தஸ்து என்று பார்த்துப் போட்டது. வகுப்பில் உட்காருவது, ஊர்வலத்தில் நடப்பது எல்லாம் அதன்படிதான். தப்பு செய்தால் பெயரைக் கீழே இறக்குவது ஒரு தண்டனை. பிற்பாடு குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் விவசாயி மகன். அவர் பெயர் பாதிக்குக் கீழே கிடந்தது. 1770களின் தொடக்கம் வரை இதே கதைதான்.

வரிசையில் கடைசி இடம்கூட இல்லாதவர்களும் அதே வளாகத்தில் இருந்தார்கள். கல்லூரித் தலைவர் வாட்ஸ்வர்த் வீட்டில் டைட்டஸ், வீனஸ். அவருக்குப் பின் வந்த ஹோலியோக் வீட்டில் ஜூபா, பில்ஹா. நால்வரும் அடிமைகள். 1743இல் கல்லூரித் தலைவர் இந்த ஹோலியோக்தான். ஆள்பவரை எதிர்க்கலாமா என்று பட்டதாரி கேட்கலாம். தலைவர் வீட்டில் வேலை செய்பவர் கேட்க முடியுமா? அந்த நால்வரின் பெயர் பொறித்த பலகை அங்கே ஏறியது 2016இல்.

ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்குவது சட்டப்படி சரியா என்று 1773 விழாவில் இரண்டு மாணவர்கள் ஆங்கிலத்திலேயே வாதிட்டார்கள். அது அதே ஆண்டு பாஸ்டனில் சிறு நூலாகவும் வந்தது. பேச்சுக்கு வந்ததே பெரிது என்று பாராட்டுகிறார்கள். நான் அவ்வளவு தாராளமாக இல்லை. இரு பக்கமும் சரிசமமாக நின்று அலசுகிற பொருளா அது?

இத்தனைக்கும் அந்த மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஓர் அடிமைப் பெண் முன்பே எழுதிவிட்டார். பாஸ்டனில் இருந்த ஃபிலிஸ் வீட்லி, பதின்ம வயதில், 1767இல், ஹார்வர்டு மாணவர்களை நோக்கியே ஒரு கவிதை எழுதினார். கிடைத்த வாய்ப்பை வீணாக்காதீர்கள், பாவத்தை விட்டு விலகுங்கள், இதை உங்களுக்குச் சொல்வது ஓர் ஆப்பிரிக்கப் பெண் என்று அதில் புத்தி சொல்கிறார். அவருடைய தொகுப்பும் 1773இல்தான் வெளிவந்தது. அந்த விவாதத்தை அச்சடித்த பாஸ்டனில் அவர் தொகுப்புக்குப் போதிய ஆதரவு சேரவில்லை, லண்டனில் அச்சாயிற்று.