மைட்டி மவுஸ் ஏன் இன்னும் பெட்டகத்திலேயே கிடக்கிறது?

பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களில் பித்துப் பிடித்தவர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இன்னும் டிவிடி, ப்ளூ-ரே வட்டில் வராத படங்கள் எவை என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பட்டியல் மிக நீளமாக இருந்தது. ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் கறுப்பு வெள்ளை பாப்பாய் படங்கள் உரிமைச் சிக்கலில் பல ஆண்டுகள் மாட்டிக்கிடந்து, 2007-இல்தான் ஒழுங்கான டிவிடியாக வரத் தொடங்கின. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் டெக்ஸ் ஏவரி இயக்கிய படங்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கு 2020-இல் ப்ளூ-ரே கிடைத்தது. இப்படி ஒவ்வொரு பெயராக அடித்து அடித்துச் சுருங்கிய அந்தப் பட்டியலின் முதல் வரியில், அன்றும் இன்றும் மாறாமல் நிற்கும் பெயர் டெர்ரிடூன்ஸ். பறந்து வந்து அடிக்கும் சாகச எலியான மைட்டி மவுஸும், ஹெக்கிள் ஜெக்கிள் என்ற இரட்டைப் பறவைகளும் பிறந்த ஸ்டுடியோ அது. திரையரங்குகளுக்காக அங்கே எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான குறும்படங்களை வரிசைப்படுத்தி, நல்ல பிரதிகளிலிருந்து எடுத்து, முழுத் தொகுப்பாக வெளியிட அவற்றின் உரிமையாளருக்கு இன்றுவரை மனம் வரவில்லை. அந்தத் தொகுப்பு வரவேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

நான் முதன்முதலில் பார்த்த மைட்டி மவுஸ் படம், சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய விசிடியில் இருந்தது. அட்டையில் பத்துக் கார்ட்டூன்கள் என்று போட்டிருந்தார்களே தவிர, எந்த ஸ்டுடியோ, எந்த ஆண்டு, யார் வரைந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பத்தில் ஒன்று 1944-இல் வெளிவந்த ‘வுல்ஃப்! வுல்ஃப்!’. காப்புரிமை கைவிட்டுப் போய்ப் பொதுவுடைமையான படம் என்பதால், மலிவு விலை வட்டு போடுகிறவர்கள் எல்லாரும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். படம் முழுவதும் செங்கல் நிறத்தில் ஓடியது. வானமும் புல்லும் ஒரே சிவப்பு. எலியின் மேலங்கி எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வண்ணம் வெளுத்துப்போன பழைய பிலிம் பிரதி ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அப்படியிருந்தும் அந்தப் படத்தில் ஒரு வேகம் இருந்தது, வேறெங்கும் பார்த்திராத ஒரு முரட்டு உயிர் இருந்தது. அதைத் தேடிப் போனவன்தான் நான், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஸ்டுடியோவை நிறுவிய பால் டெர்ரி, வால்ட் டிஸ்னிக்கு முன்பே கார்ட்டூன் எடுக்கத் தொடங்கியவர். 1915-இலேயே அவருடைய முதல் படம் வந்துவிட்டது. 1920களில் ஈசாப் கதைகள் என்ற பெயரில் வாரத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேசும்படம் வந்தபோது பங்குதாரரோடு ஏற்பட்ட மோதலில் வெளியேறி, ஃபிராங்க் மோசரையும் இசையமைப்பாளர் பிலிப் ஷைபையும் சேர்த்துக்கொண்டு டெர்ரிடூன்ஸைத் தொடங்கினார். நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூ ரோஷெல் என்ற ஊர் அதன் இருப்பிடமாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு படம் போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். செலவு கூடக்கூடாது, நாள் தள்ளக்கூடாது. வெளியிலிருந்து பாட்டு வாங்கினால் பணம் கட்ட வேண்டும் என்பதால், ஷைப் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக இசை எழுதினார். டிஸ்னி நகைக்கடை என்றால் நான் மலிவுக்கடை என்ற பொருளில் டெர்ரியே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் இந்தப் படங்களுக்கு வினையாகப் போனது என்று நான் நினைக்கிறேன். மலிவு என்று எடுத்தவரே சொல்லிவிட்டார், பிறகு நாம் ஏன் பாதுகாக்க வேண்டும் என்கிற அலட்சியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலிவாக எடுத்தார்கள் என்பது உண்மை. மட்டமாக எடுத்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பின்னாளில் டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோசப் பார்பெரா, 1937-இல் எம்ஜிஎம்முக்குப் போகும் முன் இங்கே வேலை பார்த்தவர். டிஸ்னியின் மாபெரும் அனிமேட்டர்களில் ஒருவரான பில் டைட்லா, இங்கிருந்து டிஸ்னிக்குப் போய்ப் புகழ்பெற்று, 1940களில் திரும்பவும் இங்கே வந்து சில காலம் இருந்தார். ரால்ஃப் பக்‌ஷி என்ற அனிமேஷன் இயக்குநர் தொழில் கற்றதும் இங்கேதான். 1947-இல் ஊழியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து தோற்றுப்போனதும் இதே இடத்தில்தான். இவ்வளவு பேருடைய உழைப்பும் ஒரே பெட்டகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது.

இவர்கள் எல்லாரையும்விட நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் ஜிம் டையர். டெர்ரிடூன்ஸில் பல ஆண்டுகள் அனிமேட்டராக இருந்தவர் அவர். அவருடைய காட்சி வந்ததும் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு பாத்திரம் அதிர்ச்சி அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கண்ணை விரித்து வாயைத் திறந்து வரைவார்கள். டையரிடம் தலை நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கும், கை உடம்பைவிடப் பெரிதாக வீங்கும், அடுத்த ஃபிரேமில் கை காணாமல் போய்க் கால் மட்டும் நீளும், அதற்கடுத்த ஃபிரேமில் மொத்த உருவமும் முள்முள்ளாகச் சிதறிப் பழைய நிலைக்குத் திரும்பும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் திரையில் இவை ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. ஓடும்போது பார்த்தால் உருவம் நடுங்குவதுபோல ஒரு விசித்திர உணர்வு மட்டும் மிஞ்சும். நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால்தான் அந்த மனிதரின் துணிச்சல் தெரியும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் நான் அப்படி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபிரேமின் பாதி அடுத்த ஃபிரேமோடு குழம்பியிருக்கும், கோட்டின் ஓரங்கள் கட்டம் கட்டமாகச் சிதைந்திருக்கும். அவருடைய கலை ஒற்றை ஃபிரேமுக்குள் உயிர்வாழும் கலை, மோசமான பிரதி முதலில் கொல்வதும் அந்த ஒற்றை ஃபிரேமைத்தான். இணையத்தில்தான் இருக்கிறதே, பிறகு வட்டு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் இது.

மைட்டி மவுஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1942-இல் முதல் படத்தில் அவன் பெயர் சூப்பர் மவுஸ். பூனைகளின் கொடுமைக்குத் தப்பி ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஓடும் எலி, சூப்பர் சோப்பில் குளித்து, சூப்பர் சூப் குடித்து, சூப்பர் செலரியைத் தின்று, சூப்பர் சீஸுக்குள் தலைகீழாகப் பாய்ந்து, மார்பு விரிந்த வீரனாக வெளியே வருகிறது. கடை அலமாரியிலிருந்து ஒரு புராண நாயகனை எடுத்துத் தரும் அந்தக் கற்பனை எனக்கு இன்றும் வியப்புதான். 1944-இல் பெயர் மாறியது. அதன்பின் வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தவை, வசனத்தையே பாட்டாகப் பாடும் நாடகப் பகடிகள். ஆயில் கேன் ஹாரி என்ற வில்லன் மீசையை முறுக்கிக்கொண்டு பாட, பேர்ல் ப்யூர்ஹார்ட் என்ற நாயகி கட்டுண்ட நிலையில் உச்சக் குரலில் பதில் பாட, நடுவில் மைட்டி மவுஸ் பறந்து வந்து தானும் பாடிக்கொண்டே அடிப்பான். ராய் ஹேலி மைட்டி மவுஸின் குரலைத் தந்தவர்களில் ஒருவர். ஒலி தெளிவில்லாத பிரதியில் இந்தப் படங்கள் வெறும் இரைச்சலாகிவிடுகின்றன. பாட்டின் சொல் கேட்டால்தான் பகடி புரியும்.

ஹெக்கிளும் ஜெக்கிளும் 1946-இல் வந்தார்கள். உருவத்தில் அணுவளவும் வித்தியாசம் கிடையாது; வாயைத் திறந்து ஒருவன் புரூக்ளின் கொச்சையிலும் மற்றவன் ஆங்கிலேயச் சீமான் தோரணையிலும் பேசும்போதுதான் யார் எவன் என்று தெரியும். அவர்களுக்கும் ஒலிதான் உயிர்.

பிறகு ஜீன் டீச் தலைமையேற்ற 1956 முதல் 1958 வரையான குறுகிய காலம். ஸ்டுடியோ அப்போது கைமாறிவிட்டது. டீச் பழைய பாத்திரங்களை ஓரம்கட்டிவிட்டு, நவீன ஓவியர்களை உள்ளே கொண்டுவந்தார். ஆர். ஓ. பிளெக்மனின் நடுங்கும் மெல்லிய கோட்டில் உருவான ‘த ஜக்ளர் ஆஃப் அவர் லேடி’, நடிகர் போரிஸ் கார்லாஃப் கதைசொல்ல, அகன்ற சினிமாஸ்கோப் திரைக்கென எடுக்கப்பட்டது. பரந்த வெற்றிடத்தின் நடுவே விரல் நுனி அளவு மனிதன் ஒருவன் தனியாக நிற்பதுதான் அந்தப் படத்தின் முழு அர்த்தமும். இரண்டு பக்கமும் வெட்டித் தொலைக்காட்சி அளவுக்குச் சுருக்கிவிட்டால் அந்தத் தனிமையே போய்விடுகிறது. ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வெல்லாத ஸ்டுடியோ இது. நான்காவது பரிந்துரை, 1958-க்கான ‘சிட்னீஸ் ஃபேமிலி ட்ரீ’, டீச் கொண்டுவந்த மாற்றத்தின் பலன்.

இனி, ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். 1955-இல் பால் டெர்ரி ஸ்டுடியோவையும் பழைய படங்களையும் சேர்த்து 35 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்திடம் விற்றார். வாங்கியவர்கள் அதே ஆண்டு டிசம்பரில் மைட்டி மவுஸைச் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியாக்கி, பன்னிரண்டு ஆண்டுகள் போல ஓட்டிச் சம்பாதித்தார்கள். அதன்பின் சிபிஎஸ்ஸிலிருந்து வயாகாம் என்ற நிறுவனம் பிரிந்தது, வயாகாம் பாரமவுண்ட் ஸ்டுடியோவை வாங்கியது, பிரிந்தவை சேர்ந்தன, சேர்ந்தவை மறுபடி பிரிந்தன, மறுபடியும் சேர்ந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இந்தப் படங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக நகர்ந்தன. கேசட் காலத்தில் சில தொகுப்புகள் வந்தன. 2010-இல், 1987-இல் ரால்ஃப் பக்‌ஷி எடுத்த மைட்டி மவுஸ் தொலைக்காட்சித் தொடர் முழுமையாக டிவிடியில் வந்தது. அதை வாங்கியவர்களில் பலர், அடுத்து மூலப் படங்கள் வந்துவிடும் என்று நம்பினார்கள். வரவில்லை.

விற்காது என்பது வழக்கமான சமாதானம். இலட்சக்கணக்கில் விற்காது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் மட்டுமே விற்கும் பழைய படங்களை, சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டு, சேகரிப்பவர்களுக்கென்றே வெளியிடும் முறை இப்போது நன்றாக வேரூன்றிவிட்டது. டெக்ஸ் ஏவரி அப்படித்தான் வந்தார். 1940களின் பாப்பாயும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை; ஆண்டுக்கு ஒரு தொகுதி என்றாலும் வரிசையில் நின்று வாங்க ஆள் இருக்கிறது.

இன்னொரு தயக்கம் இதைவிட நியாயமானது. இந்தப் படங்களில் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் இடங்கள் உண்டு. போர்க்காலப் படங்களில் ஜப்பானியரை அப்படிக் காட்டும் இடங்களும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது எனக்கும் வலிக்கிறது. அதற்காக வெட்டுவதும் ஒளிப்பதும் தீர்வாகாது. 2005-இல் வெளிவந்த, வார்னர் நிறுவனத்தின் லூனி டூன்ஸ் கார்ட்டூன்களின் மூன்றாம் தொகுதியில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் முன்னால் வந்து, இவை தவறானவை, அன்றும் தவறு இன்றும் தவறு, ஆனால் இல்லாததுபோல் நடிக்கக்கூடாது என்ற கருத்தைச் சொல்லிவிட்டுப் படங்களைப் போட்டார்கள். அந்த வழி நேர்மையானது. மாறாக 2013-இல், டாம் அண்ட் ஜெர்ரியின் இரண்டாம் ப்ளூ-ரே தொகுதியில் ‘மவுஸ் கிளீனிங்’, ‘காஸநோவா கேட்’ என்ற இரண்டு படங்களை மட்டும் விட்டுவிடப்போவதாகத் தெரிந்ததும், சேகரிப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள்; அந்தத் தொகுதியே வெளிவராமல் நின்றுபோனது. முழுமையாகக் கொடுங்கள், எச்சரிக்கையோடு கொடுங்கள், பெரியவர்களுக்கென்று அட்டையில் எழுதிக் கொடுங்கள் என்பதுதான் அன்று கேட்டவர்களின் கோரிக்கை. என் கோரிக்கையும் அதுவே.

ஸ்ட்ரீமிங்கில் ஒருநாள் வரும் என்று காத்திருக்கச் சொல்பவர்களுக்கு 2025 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துகிறேன். 1930 முதல் 1969 வரையான மூல லூனி டூன்ஸ் படங்கள் அவற்றின் சொந்த நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்தே நீக்கப்பட்டன. பக்ஸ் பன்னிக்கே அந்த நிலை என்றால், டெர்ரிடூன்ஸின் கேண்டி கூஸ் என்ற வாத்துக்கு அங்கே யார் இடம் தருவார்கள்? என் அலமாரியில் இருக்கும் லூனி டூன்ஸ் வட்டுகளை யாரும் இரவோடு இரவாக எடுத்துப் போகவில்லை.

காலமும் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 1930-இன் படங்களுக்கு 95 ஆண்டுக் காப்புரிமை 2025 முடிவோடு தீர்கிறது. ஆகவே டெர்ரிடூன்ஸின் முதல் ஆண்டுப் படங்கள் பொதுவுடைமையாகிவிடுகின்றன. காப்புரிமை புதுப்பிக்கப்பட்ட 1942 படங்களுக்கு அது 2037 வரை நீளும். பொதுவுடைமையானால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பது சரிதான், ஆனால் எதிலிருந்து வெளியிடுவது? உரிமை காலாவதியானதும் பெட்டகத்தின் கதவு தானாகத் திறந்துகொள்ளாது. மூல நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால்தான் வண்ணம் திரும்பும். அதற்குள் அந்தப் பிலிம் புளித்து, சுருங்கி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

முதல் தொகுதியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் யோசிக்கத் தேவையில்லை. சூப்பர் மவுஸாக வந்த ஏழு படங்களும் முகப்பு அட்டை மாறாமல், வெட்டில்லாமல், வரிசையாக. ஹெக்கிள் ஜெக்கிளின் தொடக்கப் படங்கள். டீச் காலத்து சினிமாஸ்கோப் படங்கள், முழு அகலத்தில். கூடவே ‘வுல்ஃப்! வுல்ஃப்!’ படத்தையும் அவசியம் சேர்க்க வேண்டும். அதில் வானம் என்ன நிறம் என்று நான் இன்னும் பார்க்கவில்லை.