தலூன் கப்பல்

கொள்ளைநோய் ஆள் பார்த்து வருவதில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். 1918இல் சமோவாவில் நடந்ததைப் படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வந்த நோயைவிட, வாசலில் நின்றவர் யார் என்பதுதான் அங்கே உயிரை முடிவு செய்தது.

பசிபிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. ஒரே மொழி, ஒரே சனம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ஆனால் ஆட்சி இரண்டு. மேற்குப் பகுதியை 1914இல் ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்துப் படை பிடித்துக்கொண்டது. கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. மேற்கின் தலைநகரான ஆப்பியாவுக்கும் கிழக்கின் முக்கியத் துறைமுகத்துக்கும் இடையே 130 கிலோமீட்டர்கூட இல்லை.

1918 அக்டோபர் கடைசியில் ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் கிளம்பியது. அந்த ஊரில் அப்போது இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. வழியில் பிஜியில் கப்பலைத் தனிமைப்படுத்தினார்கள். நவம்பர் 7 அன்று ஆப்பியாவுக்கு வந்தபோது, அந்த விஷயம் துறைமுக டாக்டரிடம் சொல்லப்படவில்லை. காய்ச்சலோடு இருந்தவர்கள் கரை இறங்கிப் போனார்கள்.

இரண்டே மாதத்தில் சுமார் 8,500 பேர் செத்துப்போனார்கள். மொத்த சனத்தொகையே 38,000தான். ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

சமோவா வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூண்கள், மேலே கூரை, மழைக்கு இறக்கிவிட ஓலைத்தட்டி, அவ்வளவுதான். தெருவில் போகிறவருக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்த நவம்பரில் எல்லோரும் படுத்திருந்தார்கள். அங்கே சூடான கற்களை அடுக்கிச் சமைப்பது ஆண்களின் வேலை. அவர்களும் விழுந்துவிட்டார்கள். தோட்டத்தில் சேம்பங்கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தோண்டி எடுக்க ஆள் இல்லை. காய்ச்சல் விட்டவர்களில் சிலரைப் பசி கொண்டுபோனது. பாயில் சுற்றிய உடல்களை லாரியில் ஏற்றி வைமோசோ என்ற கிராமத்தில் ஒரே குழியில் போட்டார்கள். இதை எழுதும்போது கை நிற்கிறது.

சரி, கிழக்கே என்ன ஆனது? அங்கே கவர்னராக இருந்த ஜான் போயர், சேதி தெரிந்ததும் துறைமுகத்தை மூடினார். அவர் உத்தரவு மட்டும் போதாது. சொந்தக்காரர்களின் படகேகூடக் கரை ஒதுங்காதபடி கிராமத்து ஆட்களே கடற்கரையில் காவல் இருந்தார்கள். ஒரு சாவுகூட இல்லை. மேற்கே டாக்டர்களை அனுப்பவும் போயர் முன்வந்தார். அங்கே நிர்வாகியாக இருந்த ராபர்ட் லோகன் அந்த உதவியை ஏற்கவில்லை. நோயை நான் மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கோபம் மக்களிடம் ஆறவில்லை. நியூசிலாந்து ஆட்சிக்கு எதிராகப் பின்னால் எழுந்த 'மாவ்' அறப்போராட்டத்தில் இதற்கும் பங்குண்டு. 1962இல் மேற்குப் பகுதிக்கு விடுதலை கிடைத்தது; இன்றைய சமோவா நாடு அதுதான். நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டது 2002இல். 84 வருஷம் கழித்து.

அப்புறம் 2019. மறுபடியும் நியூசிலாந்து வழியாக, இந்த முறை தட்டம்மை. முந்தைய வருஷம் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்ததால் ஊசி போடுவதையே பல மாதம் நிறுத்தியிருந்தார்கள். தாய்மாருக்கும் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 83 பேர் போனார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். டிசம்பரில் அரசு இரண்டு நாள் நாட்டையே நிறுத்தியது. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். துணி ஆடிய வாசல்களுக்கு நர்சுகள் தேடிப்போய் ஊசி போட்டார்கள்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தபோது சமோவா எல்லையை இறுக்கி மூடியது. சின்னத் தீவுக்கு இவ்வளவு பயமா என்று அப்போது என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கொரோனா 2022 மார்ச்சில்தான் ஊருக்குள் பரவியது. அதற்குள் பெரும்பாலானவர்கள் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் இறந்தவர்கள் முப்பது பேர் அளவில்தான்.