1931-ஐ விட்டுவிட்டீர்களே!
போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட் பற்றிய உங்கள் கட்டுரையில் 1963, 1977 என்று எல்லாரும் சொல்லும் வின்டேஜ் (ஒரே சிறந்த ஆண்டின் திராட்சையில் செய்த) போர்ட் பாட்டில்களே வருகின்றன. 1931 எங்கே? உலகப் பொருளாதாரச் சரிவு, போதாததற்குக் கிடங்குகளில் 1927 சரக்கு வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் அந்த ஆண்டை வின்டேஜாக அறிவிக்கவே இல்லை. கின்டா டு நோவால் என்ற போர்ட் நிறுவனம் துணிந்து அறிவித்தது. ஒட்டுக் கட்டாத, சொந்த வேரிலேயே வளர்ந்த கொடிகளின் திராட்சையில் அவர்கள் செய்த நசியோனால் என்ற போர்ட்டுக்கு ரசிகர்கள் இன்றும் ஏங்குகிறார்கள்.

எனக்கு அந்த யோகமில்லை (விலையைப் பார்த்தாலே போதை ஏறிவிடும்). ஆனால் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில், விலா நோவா டி கையாவில் ஒரு கிடங்கில் 20 வருட டானி (பீப்பாயில் முதிரவைத்த போர்ட்) குடித்தேன். சிவப்பெல்லாம் பீப்பாயிலேயே வெளுத்து, தேன் நிறத்தில், வறுத்த பாதாமும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை! வின்டேஜ் மாதிரி வண்டல் தெளியவைத்து ஊற்றும் தொல்லையும் கிடையாது, திறந்தபின் சில வாரம் தாங்கும்.