"எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி"க்கு எத்தனை வீதம்?

ஞாயிற்றுக்கிழமை மலையகத்து ஹட்டனில், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வேண்டும் என்று ஒரு பிள்ளை மேடையில் கேட்ட கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், திரும்ப விளக்கப் போவதில்லை. அதற்கு எழுந்து பதில் பேசிய பெரியவரை விடுங்கள், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதானவர், எனக்கும் படிப்பித்தவர். "வீட்டு வேலைக்கு வாறவளுக்கு ஈ.பி.எஃப். கட்டணுமாம், நாளைக்கு பூனைக்கும் கட்டச் சொல்லுவீங்க" என்றதும் மண்டபமே கைதட்டியதே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. தட்டியதில் பாதிப் பேர் என்னைப் போல தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அம்மாவின் ஈ.பி.எஃப். காசில் கூரைத் தகரம் மாற்றியவர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஒருத்தி சம்பளத்துக்கு வேலை செய்தால் நீங்கள் முதலாளி. அவ்வளவுதான்.

தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறினால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனி. பிந்தினால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போகிற ஆட்கள்தானே நாம்? கொழுந்து எடுத்தால் அது உரிமை. அதே பெண் மலையிறங்கிப் போய்ச் சட்டி கழுவினால் அவளுக்கு நாம் செய்வது 'உதவி'. 1958இல் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலையை வெளியே விட்டுவிட்டார்கள். மேடையில் அந்தப் பிள்ளை கேட்டதே அதைத்தான். அதற்கு "சட்டத்தில் இல்லையே" என்று பதில் சொல்கிறார்கள்! இல்லை என்பதுதானம்மா முறைப்பாடே.

1871இல் வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரர்களைப் பதிவுசெய்ய ஒரு கட்டளைச் சட்டம் போட்டான். அவர்களுக்குக் காசு சேர்த்துவைக்க இல்லை. ஆள் யார், முன்பு எங்கே நின்றாள், குணம் எப்படி என்று எழுதிவைக்க. அதற்கு மட்டும் பதிவு வேண்டியிருந்தது.

என் சித்தி பதினோரு வயதில் கொழும்புக்குப் போனவள். முப்பத்தொரு வருசம் ஒரே வீடு. இடுப்பு பிடித்து நிமிர முடியாமல் போனதும் அனுப்பிவிட்டார்கள். ரெக்சின் பேக் ஒன்று, பழைய சேலை ஏழெட்டு, ஒட்டிய என்வலப் ஒன்று. "இத வாசிச்சு சொல்லு பாப்பா, வங்கிக் கடிதமா இருக்கும்" என்று என்னிடம் நீட்டினாள். ஆங்கிலத்தில் நான்கு வரி. நேர்மையானவள், சொல்பேச்சுக் கேட்பவள், களவு கிடையாது. நான் வாசித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி. அதே வருசம்தான் அம்மா மலையிலிருந்து நின்று, ஈ.பி.எஃப்.பும் சேவைக்காலப் பணமும் எடுத்தது. அக்கா தங்கச்சி இரண்டு பேர். ஒருத்திக்குப் பேர் பதிந்தது, ஒருத்திக்குப் பதியவில்லை.

"நாங்க சாப்பாடு போடுறோம், தீபாவளிக்குச் சேலை எடுக்கிறோம்" என்பவர்களுக்கு: சந்தோசம். உங்கள் ஒஃபிஸில் ஈ.பி.எஃப்.புக்குப் பதிலாக மதியச் சோறு தந்தால் பேசாமல் இருப்பீர்களா?

"2022 நெருக்கடிக்குப் பிறகு நாங்களே தடுமாறுறோம்." தெரியும். நானும் வரிசையில் நின்றவள்தான். விலைவாசி அவளுக்கு மட்டும் இறங்கியா இருந்தது?

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை." ஆமாம், வெளிநாட்டுக் கதைதான். நியூ ஜெர்சியில் என் மச்சாள் பிள்ளை பார்க்க ஒரு பெண் வைத்திருக்கிறாள். 2025இல் வருசத்துக்கு 2,800 டொலர் தொட்டால் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேயார் என்கிற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் அவள் பங்கு 7.65 வீதம், அந்தப் பெண்ணின் பங்கும் அவ்வளவே. 'நேனி டாக்ஸ்' என்பார்கள். 1993இல் கிளிண்டன் சட்டமா அதிபராக நியமிக்க இருந்த சோயி பேர்டுக்கு, பத்திரம் இல்லாத ஆட்களை வீட்டு வேலைக்கு வைத்து இந்த வரியும் கட்டாமல் விட்டதால்தான் பதவி போனது. மச்சாள் பயந்து ஒழுங்காகக் கட்டுகிறாள். நுவரெலியாவில் அவள் அம்மாவைப் பார்க்கிற அக்காவுக்கு? "அங்க அதெல்லாம் சரிவராதுடி." கடல் தாண்டினால்தான் மனச்சாட்சிக்கும் விசா கிடைக்கும் போல.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களே வேண்டாம் என்கிறார்களே? என் வீட்டுக்கு வருகிற அக்காவும் சொன்னார், "புடிக்காதீங்க மிஸ், கையில குடுங்க, சீட்டு கட்டணும்." ஐம்பது வயது வரும்வரை யாருடைய அடுப்பு காத்திருக்கும்? அதனால் அவர் சம்பளத்தில் நான் கை வைப்பதில்லை. என் பங்கை மட்டும், 12உம் 3உம், அவர் பெயரில் வங்கிப் புத்தகம் திறந்து போடுகிறேன். 30,000க்கு 4,500. இது சரியான வழியா? சட்டம் வரும்வரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆமாம், போன வருசம்தான் தொடங்கினேன். அதற்கு முன் நான்கு வருசம் நானும் சேலைதான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறவர்கள் இதையும் சேர்த்து எடுங்கள்.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று மேலே எழுதினேன். பொய். "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்" என்றும் சொன்னாரே சார், உங்கள் மகள் பாங்கில் வேலை செய்கிறாள், அவளுக்கு ஈ.பி.எஃப். இருக்கிறது.

கமெண்டில் என்னைத் திட்டுங்கள், சித்தியை இழுக்க வேண்டாம், அவளும் பார்ப்பாள். இந்த மாதத்து 4,500 இன்னும் போடவில்லை. நாளைக்குப் பாடசாலை விட்டதும் போக வேண்டும், மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.